ஏவுகணை இருக்கும்போது துப்பாக்கி எதற்கு? விடை தேடிய விமானி ஜான் பாய்ட்

கண்ணுக்கே தெரியாத தூரத்திலிருந்து எதிரி விமானத்தை வீழ்த்தும் ஏவுகணைகள் வந்துவிட்டன. அப்புறம் போர் விமானத்தில் துப்பாக்கி எதற்கு? ‘டாக்ஃபைட்’ எனப்படும் நெருக்கச் சண்டையை விமானிகள் இன்னும் ஏன் கற்க வேண்டும்? இன்றைய கேள்வி போலத் தெரிந்தாலும், 1950களிலேயே எழுந்த கேள்விதான் இது. இதோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் அமெரிக்க விமானப்படையின் கர்னல் ஜான் பாய்ட்.

யார் இவர்?

1927இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். கொரியப் போரின் கடைசி மாதங்களில் எஃப்-86 சேபர் விமானம் ஓட்டினார். ஒரு விமானத்தைக்கூட அவர் வீழ்த்தவில்லை. அதற்குள் போர் முடிந்துவிட்டது.

பிறகு நெவாடாவில் உள்ள நெல்லிஸ் தளத்தில் பயிற்றுநரானார். எதிராளியைத் தன் விமானத்தின் பின்னால், சாதகமான இடத்தில் நிற்கவிடுவார். 40 விநாடிக்குள் நிலைமையைத் தலைகீழாக்கிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டுவார். ‘நாற்பது விநாடி பாய்ட்’ என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 1960இல் வான்சண்டை உத்திகளைத் தொகுத்து ஒரு கையேடு எழுதினார்.

வானில் ஒரு கணக்கு

அடுத்து அவரைக் குடைந்தது ஒரே கேள்வி: ஒரு விமானம் இன்னொன்றைவிட மேல் என்று எதை வைத்துச் சொல்வது? ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில் தாமஸ் கிறிஸ்டி என்ற கணிதவியலாளருடன் சேர்ந்து விடை கண்டார். இன்ஜினின் உந்துவிசையிலிருந்து காற்றின் தடையைக் கழிக்க வேண்டும். அதை வேகத்தால் பெருக்கி, எடையால் வகுக்க வேண்டும். வேகத்தையோ உயரத்தையோ ஒரு விமானம் எவ்வளவு சீக்கிரம் கூட்ட முடியும் என்பது தெரிந்துவிடும். இதற்காக அனுமதியில்லாமல் ராணுவக் கணினியைப் பயன்படுத்தியதால் விசாரணையையும் சந்தித்தார். கணக்கு சொன்ன முடிவு மேலிடத்துக்குக் கசந்தது. பல நிலைகளில் சோவியத் மிக் விமானங்களே முந்தி நின்றன.

வியட்நாம் சொன்ன பாடம்

இனி எல்லாம் ஏவுகணைதான் என்ற நம்பிக்கையில், எஃப்-4 பேன்டம் விமானம் துப்பாக்கியே இல்லாமல் உருவானது. வியட்நாமில் அதன் ஏவுகணைகள் பெரும்பாலும் குறி தவறின. எதிரிதானா என்று கண்ணால் பார்த்த பிறகே சுட வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. மிக் விமானங்கள் நெருங்கி வந்து அடித்தன.

விமானப்படை, பின்னர் வந்த எஃப்-4இ ரகத்தில் 20 மி.மீ. துப்பாக்கியைப் பொருத்தியது. கடற்படையோ துப்பாக்கி சேர்க்காமல், 1969இல் ‘டாப்கன்’ பள்ளியைத் தொடங்கி நெருக்கச் சண்டையைக் கற்றுக்கொடுத்தது. அதன் பிறகு கடற்படை ஒரு விமானத்தை இழந்தால், எதிரி சுமார் 12 விமானங்களை இழந்தான். விமானப்படைக்கு அந்த அளவு முன்னேற்றம் கிடைக்கவில்லை. வித்தியாசம் துப்பாக்கியில் இல்லை, பயிற்சியில்தான் இருந்தது.

பிறகு என்ன ஆனது?

எஃப்-15இன் வடிவமைப்பில் பாய்டின் கணக்கு இடம்பிடித்தது. எடை குறைந்த, சட்டென்று திரும்பும் எஃப்-16 உருவாக நண்பர்களோடு போராடினார். இரண்டிலும் துப்பாக்கி உண்டு. மேலதிகாரிகளோடு ஓயாமல் மோதிய பாய்ட், ஜெனரல் ஆகாமலேயே 1975இல் ஓய்வு பெற்றார். கவனி, நிலைமையைப் புரிந்துகொள், முடிவெடு, செய் என்ற நான்கு படிகளில் எதிரியைவிட வேகமாகச் சுழல்பவரே வெல்வார் என்பது, அவர் பிற்காலத்தில் வகுத்த கொள்கை. 1997இல் புற்றுநோயால் இறந்தார்.

எல்லாவற்றிலும் அவர் கணித்ததே நடந்தது என்று சொல்ல முடியாது. 1991 வளைகுடாப் போரில் இராக் விமானங்கள் பெரும்பாலும் ஏவுகணைகளுக்கே இரையாயின. இன்றைய எஃப்-35 விமானத்தில்கூட, ‘ஏ’ ரகத்துக்கு மட்டுமே உள்ளேயே பொருத்திய துப்பாக்கி உண்டு. மற்ற இரு ரகங்களுக்கும் தேவைப்பட்டால் வெளியே மாட்டிக்கொள்ளலாம்.

ஆக, துப்பாக்கி என்பது ஏவுகணை கைவிடும் நேரத்துக்கான காப்பீடு. ஆனால் எதிரியைவிட முந்தி யோசித்து விமானத்தைத் திருப்பும் திறமையைத் தேவைப்படும்போது மாட்டிக்கொள்ள முடியாது. அதைப் பழகித்தான் பெற வேண்டும்.