திங்களின் ஒளியை உணர்த்திய ஆசான் அனக்சகோரஸ்

இற்றைக்கு ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன், கிளசோமினே என்னும் கிரேக்க நகரிலே பிறந்தவர் அனக்சகோரஸ். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அமைந்திருந்தது அந்நகர். செல்வக் குடியிற் பிறந்தும், சொத்தைச் சுற்றத்தாரிடம் விட்டுவிட்டு அறிவையே நாடினார் என்பர். பின்னர் ஏதென்ஸ் நகரை அடைந்து நெடுங்காலம் வாழ்ந்தார். அந்நகரின் பெருந்தலைவராகிய பெரிக்கிளிஸ் அவருக்கு நண்பரும் மாணவருமானார்.

ஞாயிற்றையும் திங்களையும் தெய்வங்களாக மக்கள் வணங்கிய காலம் அது. ஞாயிறு தீயாய்க் கனலும் பெருங்கல் என்றும், திங்கள் மேடுபள்ளம் கொண்ட மண்ணுலகம் என்றும், அதற்குத் தன்னொளி இல்லை, ஞாயிற்றிடமிருந்தே ஒளி பெறுகின்றது என்றும் அவர் கற்பித்தார். ஞாயிறு கல்லன்று என்பதை இன்று அறிவோம். ஆயினும் திங்களின் ஒளிபற்றி அவர் கூறியது இன்றும் நிலைத்து நிற்கின்றது.

அவ்வுண்மையைப் பற்றிக்கொண்டால் பிறையின் காரணமும் விளங்கும். கிரகண வேளை நீங்கலாக, கோளமாகிய திங்களின் ஒரு பாதி எப்பொழுதும் ஒளி பெறுகின்றது. திங்கள் பூமியைச் சுற்றி வருவதால், அவ்வொளிப் பாதியில் நாம் காணும் பங்கு நாள்தோறும் வேறுபடுகின்றது. அது முழுவதும் நம்மை நோக்கினால் பூரணை. நமக்கு அப்புறமாக இருந்தால் அமாவாசை. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைவரை ஏறத்தாழ 29½ நாள்கள் செல்லும். பூமியின் நிழலாலேயே பிறை தேய்கின்றது எனப் பெரியோர் சிலரும் எண்ணுவதுண்டு. அது பிழை. அந்நிழல் திங்களிற் படுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே.

இருண்ட அறையில் விளக்கொன்றை ஏற்றுங்கள். தோடம்பழம் ஒன்றைத் தலைக்குச் சற்று மேலாகக் கை நீட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெல்லச் சுழலுங்கள். பிறை வளர்வதும் தேய்வதும் உங்கள் கையிலேயே தெரியும். மின்சாரம் இல்லாத நாள்களில், ஊரிலே குப்பிவிளக்கின் ஒளியில் நாம் இதனைக் காட்டியதுண்டு.

தெய்வ நிந்தனை செய்தார் என அனக்சகோரஸ் மீது வழக்கு எழுந்தது. பெரிக்கிளிஸ் அவருக்காகப் பரிந்து பேசினார் என்பர். ஈற்றில் அவர் ஏதென்ஸை விட்டு நீங்க நேர்ந்தது. லாம்ப்சாக்கஸ் என்னும் நகர் அவருக்குப் புகலிடம் தந்தது. கி.மு. 428 அளவில் அங்கேயே மறைந்தார்.

அவரது விருப்பம் யாதென அந்நகரத் தலைவர்கள் வினவினராம். தாம் இறந்த மாதத்திலே ஆண்டுதோறும் சிறுவர்களுக்கு விடுமுறை அளிக்குமாறு அவர் வேண்டினார் என்றும், அவ்வழக்கம் நெடுங்காலம் நிலவியது என்றும் பழைய வரலாறு கூறும். இன்று திங்களின் வடமுனை அருகே ஒரு பெருங்குழி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஊரிழந்த அவ்வாசிரியரின் வரலாறு எம் போன்றோர் நெஞ்சைத் தொடுகின்றது. பள்ளியையும் நூல்களையும் விட்டு வந்தோம்; கற்பித்தலை விட்டு வந்தோமில்லை. மாணவச் செல்வங்களே! விடுமுறை நாளிலும் தமிழ் கற்க வருகின்றீர்கள். அவர் கேட்டுப் பெற்ற விடுமுறையை நீங்கள் மொழிக்காகக் கொடுக்கின்றீர்கள். இனி மாலையில் பிறையைக் காணும்போது பெற்றோரை அழையுங்கள். ஞாயிறு மறைந்த திசையையே அதன் ஒளிப்பக்கம் நோக்கி நிற்பதை நீங்களே அவர்களுக்குக் காட்டுங்கள்.