மணிக்கூட்டால் கடலை அளந்த தச்சர்: ஜோன் ஹரிசன்

மாணவர்களே, புவியியற் பாடத்தில் நெடுங்கோடுகளைப் பற்றிக் கற்றிருப்பீர்கள். பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கிறது. நடுக்கடலில் உள்ள கப்பலில் நண்பகலாக இருக்கும்போது, புறப்பட்ட துறைமுகத்தில் பிற்பகல் 3 மணி எனக் கொள்வோம். அப்படியாயின் கப்பல் துறைமுகத்திற்கு மேற்கே 45 பாகையில் நிற்கிறது. கணக்கு எளிதானது. ஆனால் துறைமுகத்தின் நேரத்தைக் கடலில் எவ்வாறு அறிவது? அக்கால மணிக்கூடுகள் கப்பலின் ஆட்டத்தாலும் வெப்பநிலை மாற்றத்தாலும் நேரம் தவறின. இதற்குத் தீர்வு கண்டவர் ஒரு தச்சரின் மகன்.

ஜோன் ஹரிசன் 1693ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள ஃபோல்பி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையிடம் தச்சுத் தொழில் பழகிய அவர், 20 வயதளவில் பெரும்பாலும் மரத்தினாலேயே ஒரு மணிக்கூட்டைச் செய்தார். தம்பி ஜேம்சும் அவருடன் சேர்ந்து உழைத்தார். எண்ணெய்த்தன்மை கொண்ட ஒருவகை மரத்தைப் பயன்படுத்தியதால் அவர்களது சில மணிக்கூடுகளுக்கு எண்ணெயிடவே தேவைப்படவில்லை.

1707ஆம் ஆண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நான்கு, தாம் நிற்கும் இடம் தெரியாமல் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். கடலில் நெடுங்கோட்டை அரைப் பாகைக்குள் சரியாகக் கணிக்க வழி காண்பவருக்கு 20,000 பவுண் பரிசு வழங்குவதாக 1714இல் பாராளுமன்றம் சட்டமியற்றியது. பரிசை ஆராய ஒரு சபையும் அமைக்கப்பட்டது.

ஹரிசனின் முதலாவது கடல் மணிக்கூடு 1735இல் உருவானது. மறு ஆண்டு அது லிஸ்பன் வரை கொண்டு செல்லப்பட்டு நன்கு இயங்கியது. எனினும் ஹரிசன் பரிசைக் கேட்கவில்லை. தமது படைப்பின் குறைகளைத் தாமே எடுத்துக் கூறி, மேலும் சிறந்த ஒன்றைச் செய்யப் பண உதவி மட்டுமே கேட்டார். இரண்டாவதிலும் குறை கண்டு அதனை ஒதுக்கினார். மூன்றாவதற்கு 19 ஆண்டுகள் உழைத்தார். விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்கும் ஈருலோகக் கீலம் அம்முயற்சியிலேயே பிறந்தது.

1759இல் முடிந்த நான்காவது மணிக்கூடு, ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு பெரிய கைக்கடிகை போன்றது. முதுமையடைந்திருந்த தந்தைக்குப் பதிலாக மகன் வில்லியம் 1761இல் அதனை ஜமெய்க்காவுக்குக் கொண்டு சென்றார். 81 நாட்களின் பின்னர் அது ஏறத்தாழ 5 செக்கன்களே பிந்தியிருந்தது! ஆயினும் சபை அதனை ஏற்காது மறுபரிசோதனை கோரியது. 1764இல் பார்படோசுக்கான பயணத்தையும் வில்லியமே மேற்கொண்டார். அதிலும் வெற்றி கிடைத்தது. அப்போதும் பரிசின் பாதி மட்டுமே, அதுவும் மணிக்கூட்டின் அமைப்பை விளக்கி அதனை ஒப்படைத்த பின்னரே, வழங்கப்பட்டது.

தந்தையும் மகனும் சோர்ந்துவிடவில்லை; மன்னரிடம் முறையிட்டனர். 1772இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் ஹரிசனின் ஐந்தாவது மணிக்கூட்டைத் தமது ஆய்வுகூடத்திற் பரிசோதித்துத் திருப்தியடைந்தார். 1773இல் பாராளுமன்றம் 8,750 பவுண் வழங்கியது. அப்போது ஹரிசனின் வயது 80. நான்காவது மணிக்கூட்டின் பிரதியொன்றைக் கப்டன் குக் தமது இரண்டாவது உலகப் பயணத்தில் கொண்டு சென்று, அதன் சிறப்பை உறுதிப்படுத்தினார்.

1776 மார்ச் 24ஆம் திகதி ஹரிசன் காலமானார். அவரது கடல் மணிக்கூடுகளைக் கிறீனிச் அவதான நிலையத்தில் இன்றும் காணலாம்.

மாணவர்களே, உயர்கல்வி பெறாத ஒரு தொழிலாளி, தன் வேலையில் தானே பிழை தேடித் திருத்தியதால் உலகிற்கு வழிகாட்டினார். விடையெழுதி முடித்ததும் அதனை மீண்டும் ஒருமுறை வாசித்துத் திருத்தும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி
1. கப்பலில் நண்பகல் 12 மணி. புறப்பட்ட துறைமுகத்தில் முற்பகல் 10 மணி. கப்பல் துறைமுகத்திற்கு எத்திசையில், எத்தனை பாகையில் உள்ளது?
2. ஹரிசனின் வெற்றியில் அவரது குடும்பத்தினர் பெற்ற பங்கை விளக்குக.
3. சபை மறுபரிசோதனை கோரியது நியாயமானதா? உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.