மேகத்தோட மல்லுக்கட்டி காவலூரை கண்டுபிடிச்சவர்... ஆசைப்பட்ட டெலஸ்கோப்பை பார்க்காமலே கண் மூடினார்!

ஆலங்காயம்:

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயம் பக்கத்துல ஜவ்வாது மலையில இருக்கு காவலூர். இந்த சின்ன ஊரை உலக விஞ்ஞானிகள் திரும்பிப் பார்க்க வெச்சவர் வைனு பாப்பு.

1927-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந்தேதி சென்னையில் பிறந்தார். பூர்வீகம் கேரளா. அப்பாவுக்கு ஐதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை. அதனால டெலஸ்கோப் நடுவுலயே வளர்ந்த பையன்.

மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார். 1949-ல் அங்கே புது வால் நட்சத்திரம் ஒன்றை கண்டுபிடிச்சார். அதுக்கு அவர் பேரும் சேர்த்து வெச்சாங்க. வெளிநாட்டிலேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா நாடு திரும்பிட்டார்.

1960-ல் கொடைக்கானல் ஆய்வக இயக்குனர் ஆனார். அங்கேதான் சிக்கல். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,340 மீட்டர் உசரம். பகல்ல சூரியனை ஆராய அருமையான இடம். ராத்திரியில மேகமும் மூடுபனியும் மறைச்சா நட்சத்திரத்தை எப்படி பார்க்கிறது?

தார் ரோட்டு மேல அனல் நெளியுறதை பார்த்திருப்பீங்க. வானத்துலயும் காற்று அப்படித்தான் நெளியும். நட்சத்திரம் மினுக்குறது அதனாலதான். கண்ணுக்கு அழகு, டெலஸ்கோப்புக்கு தொல்லை. படம் கலங்கிடும். தூசி, ஈரப்பதம், டவுன் வெளிச்சம் சேர்ந்தா இன்னும் மோசம்.

பல இடங்களை சோதிச்சு, பாப்பு தேர்ந்தெடுத்தது காவலூர். உசரம் சுமார் 725 மீட்டர்தான். ஆனா சுத்தியும் காடு, இருட்டு, கொடைக்கானலை விட தெளிவான ராத்திரிகள். பூமத்திய ரேகைக்கு பக்கம் என்பதால் தெற்கு வானமும் நல்லா தெரியும். மழைக்காலத்துல மட்டும் வேலை நின்னுடும்.

1968-ல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போட வேலை ஆரம்பமாச்சு. 1972-ல் 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. அதே வருஷம் வியாழன் கிரகத்தின் கானிமீடு நிலாவில் மெல்லிய காற்று மண்டலம் இருப்பதற்கான அறிகுறி இங்கே கிடைச்சது. 1977-ல் யுரேனஸ் வளையங்களை காட்டிக்கொடுத்த பதிவுகளில் காவலூர் பதிவும் ஒண்ணு.

1979-ல் உலக வானியல் சங்கத்தின் தலைவரானார் பாப்பு. 1981-ல் பத்மபூஷண் விருது.

அவரோட பெரிய ஆசை, நம்ம நாட்டிலேயே செஞ்ச 2.34 மீட்டர் டெலஸ்கோப். கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய எட்டடி அகலம். வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போதே, 1982 ஆகஸ்டு 19-ந்தேதி ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். வயசு 55.

1986 ஜனவரி 6-ந்தேதி பிரதமர் ராஜீவ்காந்தி காவலூர் வந்து அந்த டெலஸ்கோப்பை நாட்டுக்கு அர்ப்பணித்தார். டெலஸ்கோப்புக்கும் ஆய்வகத்துக்கும் வைனு பாப்பு பேரையே வெச்சாங்க.