வில்கி காலின்சும் நிலாக்கல்லும்

மர்ம நாவலை இலக்கியமாக ஏற்கத் தயங்குவோர் வில்கி காலின்சைப் பயிலுதல் வேண்டும். இவர் 1824இல் இலண்டனில் ஓவியர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். விடுதிப் பள்ளியில் முரட்டு மாணவன் ஒருவன், கதை சொன்னாலன்றி இவரை உறங்கவிடவில்லை. கேட்போரைக் கட்டிப்போடும் கலை அவ்வாறு கைவந்தது. சட்டம் பயின்றும் அத்தொழில் புரிந்தாரல்லர். எனினும் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராய்த் தாம் கண்டதை மட்டும் கூறும் நீதிமன்ற முறை இவர்தம் நாவல்களுக்கு உயிராயிற்று.

1868இல் 'நிலாக்கல்' டிக்கன்சின் வார இதழில் தொடராய் வந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த நாளில், சீரங்கப்பட்டண அரண்மனையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவன் கொலைசெய்து கவர்ந்த வைரமே கதையின் கரு. தம் நாட்டார் வெற்றியென்று கொண்டாடியதன் கொள்ளை முகத்தை ஓர் ஆங்கிலேயரே காட்டியது சிறிய துணிவன்று.

தொடர் நடந்துகொண்டிருக்கையில் தாயார் மறைந்தார். கீல்வாதம் வாட்டவே, சில பகுதிகளைப் படுக்கையிலிருந்தவாறே சொல்லி எழுதுவித்தார். வலி தணிக்க உண்ட அபினிக் கரைசல் இறுதிவரை விடாப் பழக்கமாயிற்று. அவ்வபினி கதை முடிச்சிலும் உண்டு. எவ்வாறென்று ஈண்டுரைப்பின் படிப்போர் சுவை கெடும். பிந்திய நாவல்கள் அத்தரத்தை எட்டவில்லை. 1889 செப்டம்பர் 23ஆம் நாள் இலண்டனில் காலமானார்.