மலைக்குப் பசுமை, இளைஞருக்கு வேலை

பட்டச் சான்றிதழைக் கையில் ஏந்தி வேலை தேடி அலையும் இளைஞனைக் காணும்போது நம் நெஞ்சம் வருந்துகிறது. மழைநீரைத் தேக்கி ஆற்றுக்கு வழங்க வேண்டிய மலை, மரம் இழந்து மொட்டையாய் நிற்பதைக் காணும்போதும் வருந்துகிறது. இவ்விரண்டையும் வெவ்வேறு துன்பங்களாகவே நாம் எண்ணி வருகிறோம். ஒன்றன் துயரை மற்றொன்று தீர்க்கும் என்று கண்டு, அதைச் செயலிலும் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 32ஆம் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட். இரண்டாம் உலகப் போரை நடத்திய தலைவராக அவரை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். மரம் வளர்த்த ரூஸ்வெல்ட்டை அறிந்தோர் நம்மில் சிலரே.

ஆற்றங்கரை வீடு

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஹைடு பார்க் என்னும் ஊரில், 1882 ஜனவரி 30ஆம் நாள் ரூஸ்வெல்ட் பிறந்தார். செல்வக் குடும்பம், தாய்க்கு ஒரே மகன். ஹார்வர்டில் பட்டம் பெற்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். 1905இல் எலினோரை மணந்தார். குடும்ப நிலத்தில் மரக்கன்று நடும் பழக்கம் இளமையிலேயே அவருக்கு ஏற்பட்டது. தம் வாழ்நாளில் அந்நிலத்தில் அவர் நடச் செய்த மரங்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை. நாட்டின் தலைவரான பின்னரும், வாக்களிக்கச் சென்ற இடத்தில் தொழில் யாது என்று கேட்டால், மரம் வளர்ப்பது என்றே அவர் பதிவு செய்வது வழக்கம்.

இரண்டு படங்கள்

1910ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று மாநில மேலவைக்குச் சென்ற ரூஸ்வெல்ட், காடு, மீன், வேட்டை விலங்குகளுக்கான குழுவின் தலைவரானார். அமெரிக்கக் காட்டுத்துறையின் முதல் தலைவராக இருந்த கிப்போர்டு பின்சாட்டைப் பேச அழைத்தார். பின்சாட் அவையில் இரண்டு படங்களைக் காட்டினார். முதற்படம், சீன நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றின் பழைய ஓவியம். மலையெல்லாம் காடு, நடுவே ஆறு, கரையில் செழிப்பான ஊர். இரண்டாவது, பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் எடுத்த நிழற்படம். மரமும் இல்லை, மண்ணும் இல்லை, வாழும் ஊரும் இல்லை. மலையில் விழுந்த கோடரி அடிவாரத்து ஊரையே அழித்துவிட்டது! அந்த இரண்டு படங்களும் ரூஸ்வெல்ட்டின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. பிற்காலத்தில் பலமுறை அவற்றை அவர் நினைவுகூர்ந்தார்.

அதே காலத்தில், 1911இல், ஆறுகள் பிறக்கும் மலைநிலங்களை மைய அரசே விலைக்கு வாங்கிப் பாதுகாப்பதற்கான சட்டம் ஒன்று நாட்டில் நிறைவேறியது. மரம் வெட்டுவோர் மொட்டையாக்கிக் கைவிட்ட மலைச்சரிவுகள் பல, நீர்ப்பிடிப்புக் காடுகள் என்னும் பெயரில் அரசின் உடைமையாயின. ஆனால் நிலத்தை வாங்கினால் மட்டும் போதுமா? அதைப் பேணக் கைகள் வேண்டுமே!

வீழ்ச்சியும் எழுச்சியும்

1921இல், 39ஆம் வயதில், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. ஓடியாடித் திரிந்தவர் துணையின்றி எழுந்து நிற்கவும் இயலாதவரானார். இரும்புப் பட்டைகளைக் கால்களில் கட்டிக்கொண்டு அடியெடுத்து வைக்கப் பல ஆண்டுகள் முயன்றார். செய்வதற்கு வேலையின்றி முடங்கிக் கிடப்பவனின் மனம் எப்படி இருக்கும் என்பதை அந்நாட்களில் அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

1929 ஜனவரியில் நியூயார்க் மாநில ஆளுநரானார். அதே ஆண்டின் இறுதியில் பங்குச் சந்தை சரிந்தது. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. ஆலைகள் மூடப்பட்டன, உணவுக்காக மக்கள் வரிசையில் நின்றனர். உழுது சலித்துக் கைவிடப்பட்ட நிலங்களை வாங்கிக் காடாக்கும் திட்டத்துக்கு 1931இல் மாநில மக்களின் ஒப்புதலைப் பெற்ற ரூஸ்வெல்ட், வேலையற்றோரில் சுமார் 10,000 பேரைக் காடு வளர்க்கும் பணியில் அமர்த்தினார். பின்னர் நாடு முழுவதும் முளைத்த பெருந்திட்டத்துக்கு இதுவே நாற்றங்கால்.

ஆறு மாத வேலை

1933 மார்ச் 4ஆம் நாள் அவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, நாட்டின் உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அம்மாதம் முடிவதற்குள், 31ஆம் நாளே, இளைஞர்களைக் கொண்டு காடும் மண்ணும் காக்கும் படையை அமைப்பதற்கான சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் 17ஆம் நாள், வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் தேசியக் காட்டில் முதல் முகாம் எழுந்தது. முன்னர் குறிப்பிட்ட நீர்ப்பிடிப்புச் சட்டத்தின்படி வாங்கப்பட்ட நிலங்களால் உருவான காடு அது.

படையில் சேர்வோர் 18 முதல் 25 வயது வரையுள்ள, மணமாகாத, வறிய குடும்பத்து இளைஞர்கள். பணிக்காலம் ஆறு மாதம், விரும்பினால் நீட்டித்துக்கொள்ளலாம். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்கு அனுப்பப்படும். உணவும் உடையும் உறைவிடமும் முகாமில் கிடைக்கும். நாளுக்கு ஒரு டாலர் என்பது உழைப்பாளர் கூலியைக் குறைத்துவிடும் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் எதிர்த்தனர். ரூஸ்வெல்ட் ராபர்ட் பெக்னர் என்னும் தொழிற்சங்கத் தலைவரையே படைக்குப் பொறுப்பாளராக்கி அந்த எதிர்ப்பைத் தணித்தார். முகாமை நடத்தும் பொறுப்பு இராணுவத்துக்கு. காட்டு வேலையைக் கற்பிக்கும் பொறுப்பு காட்டுத்துறைக்கு. அக்கம்பக்கத்து ஊர்களில் வாழ்ந்த அனுபவசாலிகளும் ஆசான்களாக அமர்த்தப்பட்டனர்.

வேலை பருவத்தோடு மாறியது. மண் ஈரமாக இருக்கும் காலத்தில் கன்று நடுதல். வறண்ட காலத்தில் தீக்காவல். கோபுரத்தின் உச்சியில் அமர்ந்து புகை எழுகிறதா என்று பார்ப்பவன் ஒருவன். தகவல் வந்ததும் மண்வெட்டியுடன் ஓடுபவர் பலர். மழைநீர் அரித்த ஓடைகளில் கல்லும் கட்டையும் அடுக்கிச் சிறு தடுப்பணைகள் கட்டினர். சரிவுகளில் சமமட்ட வரப்புகள் அமைத்தனர். உயர்ந்த மலைகளில் பனி கொட்டும் காலம் வந்தால் முகாமைத் தாழ்வான இடத்துக்கு மாற்றிக்கொண்டனர். மாலையில் வகுப்புகள் நடந்தன. எழுத்தறியாதவராய் வந்த பல்லாயிரவர் எழுதப் படிக்கக் கற்றுத் திரும்பினர்.

ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இப்படையில் பணியாற்றினர். அவர்கள் நட்ட மரங்கள் ஏறத்தாழ 300 கோடி! இதற்கு உயிர்ப்பலியும் நேர்ந்தது. 1937 ஆகஸ்டில் வயோமிங் மாநிலக் காட்டுத்தீயில் சிக்கி 15 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இப்படையைச் சேர்ந்த இளைஞர்கள்.

நிலவிலும் களங்கம்

பெரியோர் வரலாற்றை எழுதும்போது குறையை மறைப்பது அழகன்று. இனம், நிறம், மதம் பற்றி வேற்றுமை காட்டலாகாது என்று படையின் சட்டம் கூறியது. நடைமுறையிலோ கறுப்பின இளைஞர்கள் தனி முகாம்களில் வைக்கப்பட்டனர். தென்மாநிலத் தலைவர்களின் பகைக்கு அஞ்சிய ரூஸ்வெல்ட் அதனைத் தடுக்கவில்லை. பெண்களுக்குப் படையில் இடமே இல்லை. எலினோரின் முயற்சியால் அவர்களுக்கென அமைந்த முகாம்கள் மிகச் சிலவே. ஷெனண்டோ தேசியப் பூங்காவுக்காக ஏறத்தாழ 500 மலைவாழ் குடும்பங்கள் தங்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. காட்டைக் காப்பதற்காக அங்கு வாழ்ந்தோரை விரட்டுவது முறையா என்னும் கேள்வி அன்றே எழுந்தது. அது இன்னும் ஓயவில்லை.

விட்டுச் சென்றது

இப்படையை நிலையான துறையாக்க 1937இல் ரூஸ்வெல்ட் முயன்றார், நாடாளுமன்றம் இணங்கவில்லை. போர் வந்தது. கன்று நட்ட கைகள் துப்பாக்கி ஏந்தின. 1942இல் படைக்கான நிதி நிறுத்தப்பட்டது, முகாம்கள் மூடப்பட்டன. நான்காம் முறையாகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், போர் முடிவதைக் காணாமலே 1945 ஏப்ரல் 12ஆம் நாள் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் காலமானார். தாம் மரம் வளர்த்த ஹைடு பார்க் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஆறு மாத வேலை ஒரு வேலையா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவ்வேலை பெற்றவனின் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவன் தாய்க்கு மாதந்தோறும் பணம் சென்றது. அவன் போன பிறகும் அவன் நட்ட மரம் மலையில் நின்று மழையைத் தாங்கியது; அந்த நீர் அவன் பெயரை அறியாத ஊர்களுக்கும் சென்றது. வேலை தற்காலிகமானது, பயன் தலைமுறைகளைக் கடந்தது.

மாணவத் தோழர்களே! எழுந்து நடக்க இயலாத ஒருவர், முப்பது லட்சம் இளைஞர்களை மலையேறச் செய்தார். நலமான இரு கால்களைப் பெற்ற நாம், படிப்பு முடிந்ததும் நாற்காலி உள்ள வேலை மட்டுமே வேலை என்று காத்திருப்பது தகுமா? மண்வெட்டி பிடிக்கும் வேலையிலும் மாண்பு உண்டு என்பதை அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது. அவ்வேலையைச் செய்வோரிடையே வேற்றுமை காட்டலாகாது என்பதை அவர் தவறு நமக்குக் கற்பிக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கற்போம்.