அதிமதுர மிட்டாய் கொடுத்த வீராங்கனை

சைக்கிள் என்றதும் நம் நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஞாபகம் வரும். ஸ்டாண்டில் ஒன்றைத் தட்டிவிட்டால் வரிசையாகப் பத்து சாயும். டைனமோ வெளிச்சத்தில் இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பியவர்களும் உண்டு. மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். சைக்கிளையே வாழ்க்கையாக்கிக் கொண்ட ஓர் அம்மாவின் கதையைச் சொல்லலாமே என்று தோன்றியது. பெயர் பெரில் பர்ட்டன். இங்கிலாந்துக்காரர்.

1937 மே 12-ல் யார்க்‌ஷயரில் லீட்ஸ் நகரில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அங்கே 11 வயதில் ஒரு தேர்வு உண்டு. பிள்ளை எந்த மாதிரி உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். பெரில் அதில் தவறிவிட்டார். அதே சமயத்தில் ருமாட்டிக் காய்ச்சலும் நரம்புக் கோளாறும் சேர்ந்து வந்தன. ஒன்பது மாதம் ஆஸ்பத்திரி, பிறகு 15 மாதம் கடலோர ஊரான சவுத்போர்ட்டில் ஓய்வு இல்லம். உடம்பை வருத்தும் வேலை எதுவும் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

படிப்பு முடிந்து தையல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சார்லி பர்ட்டன் என்ற இளைஞர் தினம் சைக்கிளில் வருவார். அவரைப் பார்த்துத்தான் இவருக்கும் ஆசை பிறந்தது. 1955-ல் கல்யாணம். 1956-ல் டெனிஸ் என்ற மகள். சார்லி இருந்த மோர்லி சைக்கிள் கிளப்பில் பெரிலும் சேர்ந்துகொண்டார். முதல் வருஷம் மேட்டில் மற்றவர்கள் தள்ளிவிட வேண்டியிருந்ததாம். இரண்டாம் வருஷம் அவர்களோடு சரிசமமாக வந்தார். மூன்றாம் வருஷம் இவர்தான் முன்னால்!

அந்தக் கிளப் பந்தயங்களே ஒரு தனி உலகம். கும்பலாகச் சாலையில் பந்தயம் விட்டால் போலீஸ் தொல்லை வரும் என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அங்குள்ள சைக்கிள் சங்கத்தார் அதைத் தவிர்த்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் தனி ஆள் நேரப் பந்தயம். ஞாயிறு விடிகாலை, ஊர் எழுந்திருக்கும் முன்னே, நிமிஷத்துக்கு ஒருவராகப் புறப்படுவார்கள். பக்கத்தில் துணை கிடையாது, கைதட்ட ஆளும் அதிகம் இருக்காது. கடிகாரம் ஒன்றுதான் எதிரி. முடிந்ததும் ஒரு டீ குடித்துவிட்டு, வந்த சைக்கிளிலேயே வீட்டுக்குத் திரும்ப வேண்டியது. பணம் கிடையாது.

பெரில் கடைசிவரை அமெச்சூராகவே இருந்தார். பணம் தருகிறோம், தொழில்முறைக்கு வா என்று அழைத்தும் போகவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு, அதே கிளப்பின் வீரரான நிம் கார்லைன் என்பவரின் ரூபார்ப் பண்ணையில் வேலை பார்த்தார். ரூபார்ப் என்பது கீரைத்தண்டு போல் இருக்கும், புளிக்கும். அங்கே அதில் இனிப்புப் பலகாரம் செய்வார்கள். மண்ணைக் கொத்துவது, மூட்டை தூக்குவது என்று பகல் முழுக்க உழைப்பு. அப்புறம் வீட்டு வேலை. அதற்கும் அப்புறம்தான் சைக்கிள் பயிற்சி. உலகப் போட்டியில் எதிரே நின்றவர்களோ, அரசாங்கமே பயிற்சியும் வசதியும் கொடுத்து வளர்த்த கிழக்கு ஐரோப்பிய வீராங்கனைகள். இருந்தும் சாலைப் பந்தயத்தில் 1960, 1967 ஆகிய இரண்டு முறையும், பர்ஸ்யூட் என்னும் தடகளப் பந்தயத்தில் ஐந்து முறையும் உலகச் சாம்பியன் ஆனார். 1959 முதல் 1983 வரை 25 வருஷம் தொடர்ந்து, நேரப் பந்தயத்தில் பிரிட்டனின் முதல் வீராங்கனை அவர்தான். சும்மாவா? சார்லி தன் பந்தயங்களை விட்டுட்டு, கார் ஓட்டி, சைக்கிளைப் பழுது பார்த்து, குழந்தையையும் பார்த்துக்கொண்டார். அந்த மனிதரைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமை ஆகாது.

1967 செப்டம்பரில் நடந்த 12 மணி நேரப் பந்தயத்துக்கு வருவோம். ஆண்கள் முதலில் புறப்பட்டார்கள், பெண்கள் பின்னால். பல மணி நேரம் மிதித்த பிறகு, ஆண்களில் முன்னணியில் இருந்த மைக் மக்னமாராவை பெரில் எட்டிப் பிடித்துவிட்டார். அவர் அன்று ஆண்களுக்கான புதிய சாதனையைப் படைத்துக்கொண்டிருந்தவர். சும்மா தாண்டிப் போக பெரிலுக்கு மனசு வரவில்லை. பையில் கைவிட்டு ஓர் அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பெரில் முன்னே போய்விட்டார். கடைசிக் கணக்கு: மக்னமாரா 276.52 மைல், பெரில் 277.25 மைல். பெரிலின் தூரத்தை ஓர் ஆண் தாண்ட 1969 ஆயிற்று. ஒரு பெண் தாண்ட 2017 வரை, முழுசாக 50 வருஷம் ஆயிற்று!

இத்தனை பிடிவாதத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1976 தேசிய சாலைப் பந்தயத்தில், கடைசி ஓட்டத்தில் அம்மாவை முந்தி ஜெயித்தது மகள் டெனிஸ்தான். மேடையில் பெரில் மகளுக்குக் கை கொடுக்க மறுத்துவிட்டார். வழியில் டெனிஸ் தன் பங்குக்கு முன்னால் வந்து காற்றை வாங்கவில்லை என்று கோபம். போட்டியாளருக்கு மிட்டாய் நீட்டிய கை, பெற்ற மகளுக்கு நீளவில்லை. பின்னாளில் அதற்காக வருந்தவும் செய்தார். 1982-ல் அதே அம்மாவும் மகளும் இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளில் ஏறி, 10 மைலை 21 நிமிஷம் 25 விநாடியில் கடந்து தேசிய சாதனை செய்தார்கள் என்பது மனசுக்கு ஆறுதல்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்குச் சைக்கிள் பந்தயம் வந்ததே 1984-ல்தான். அப்போது பெரிலுக்கு 47 வயது. அவருடைய சொந்தப் பந்தயமான நேரப் பந்தயம் 1996-ல் அட்லாண்டாவில் சேர்க்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. அதே வருஷம் மே 5-ஆம் தேதி, ஒரு வாரத்தில் வரவிருந்த தன் 59-ஆவது பிறந்த நாளுக்கு அழைப்பிதழ் கொடுக்க சைக்கிளில் புறப்பட்டவர், வழியிலேயே இதயம் நின்று இறந்துபோனார். சின்ன வயசில் டாக்டர்கள் ஜாக்கிரதை சொல்லி அனுப்பிய உடம்பு அது. மோர்லியில் இன்று அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

11 வயதுத் தேர்வில் தவறிய பெண் இவ்வளவு தூரம் போனார் என்பதை இப்போது படிக்கிற தம்பி, தங்கைகள் நினைவில் வைக்கட்டும். நம் வயசுக்காரர்கள் மேடையில் நீளாமல் போன அந்தக் கையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். பழைய கோபத்தோடு யாராவது இந்தச் சந்திப்புக்கு வந்திருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னே போய்க் கை கொடுத்துவிடுங்கள். மிட்டாய் இருந்தால் இன்னும் நல்லது.