தேனீக்கள் காப்பாற்றிய பேராசிரியர்

கார்ல் வொன் ஃபிரிஷின் வாழ்க்கை வரலாற்றை நான் திரும்பத் திரும்ப வாசிப்பது அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்காக அல்ல. யுத்தம் வீட்டையும் ஆய்வுகூடத்தையும் பறித்த பின்னரும், தொடங்கிய வேலையை அவர் கைவிடவில்லை.

1886இல் வியன்னாவில் பிறந்தவர் அவர். ஜேர்மனியின் மியூனிக் நகரில் இளம் ஆய்வாளராக இருந்தபோது, தேனீக்களுக்கு நிறம் தெரியாது என்று பிரபல கண் வைத்தியர் கார்ல் வொன் ஹெஸ் அறுதியிட்டுக் கூறிவந்தார். அப்படியானால் பூக்களுக்கு ஏன் இத்தனை நிறம்? ஃபிரிஷ் ஒரு நீல அட்டையின் மேல் சீனிப்பாணி வைத்து, சுற்றிவர மங்கலும் அடர்த்தியுமான சாம்பல் நிற அட்டைகளை அடுக்கினார். பின்னர் பாணியை எடுத்துவிட்டு, புதிய அட்டைகளை இடம் மாற்றி வைத்தார். தேனீக்கள் நீலத்தையே தேடி வந்தன.

அடுத்தது மணம். நீல நிறமும் பூமணமும் உள்ள பெட்டிக்குள் உணவு வைத்துப் பழக்கிய பின், நிறத்தை ஒரு பெட்டிக்கும் மணத்தை இன்னொன்றுக்கும் பிரித்துக் கொடுத்தார். தேனீக்கள் தூரத்திலிருந்து நீலப் பெட்டியை நோக்கிப் பறந்தன. ஆனால் வாசலில் மணம் இல்லாததால் தயங்கின. தூரத்தில் வழிகாட்டுவது நிறம். கிட்ட வந்ததும் உறுதிப்படுத்துவது மணம்.

நாஸி ஆட்சியில் அவரது தாய்வழிப் பாட்டியின் யூதப் பூர்வீகம் கிளறப்பட்டது. 1941இல் பதவி பறிபோகும் நிலை. அதே காலத்தில் நொசீமா என்ற நோய் தேனீக் கூட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. உணவு உற்பத்தி பாதிக்கப்படும் என்று அஞ்சிய அரசு, நோயை ஆராயும் பொறுப்பை அவரிடம் கொடுத்து, பதவி நீக்கத்தை யுத்தம் முடியும்வரை ஒத்திவைத்தது. இதை நான் நீதி என்று சொல்லமாட்டேன். அந்த அரசுக்கு அவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான். தேவைப்படாத இலட்சக்கணக்கானோரை எந்தத் தேனீயும் காப்பாற்றவில்லை.

1944இல் குண்டுவீச்சு அவரது வீட்டை அழித்தது; ஆய்வுகூடமும் சிதைந்தது. ஒஸ்ரியாவின் புறூன்விங்கில் இருந்த குடும்ப வீட்டுக்குப் போய் அங்கே தேனீப் பெட்டிகளை வைத்தார். உணவு இருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீ தன் நடனத்தால் அறிவிக்கிறது என்பதை அங்கேதான் கண்டறிந்தார்.

1973இல் நோபல் பரிசை அவருடன் பகிர்ந்தவர்கள் இருவர். லோரன்ஸ் நாஸிக் கட்சியில் சேர்ந்திருந்தவர். டின்பேர்கன் நாஸிகளின் பணயக்கைதியாக முகாமில் இருந்தவர். ஃபிரிஷ் 1982இல், தனது 95ஆவது வயதில் மியூனிக்கில் காலமானார்.